குப்பை யாருடைய சொத்து?

வேண்டாமென்று எறிந்த பொருள் எறிந்தவனுக்குச் சொந்தமானதா? இக்கேள்வி முதற்பார்வைக்கு நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆயினும், நமது நாட்டுச் சட்டம் இதற்கு விடை கூறியே வைத்திருக்கிறது. 1947ஆம் ஆண்டின் மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தின்படி, சபை சேகரிக்கும் வீதிக் குப்பையும் வீட்டுக் குப்பையும் அச்சபையின் சொத்தாகும். வாயிலில் லொறி வந்து சென்றதும் சட்டம் நம்மை விடுவித்து விடுகிறது. அறமும் நம்மை அவ்வாறே விடுவித்து விடுகிறதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து குடிமனைகளின்மீது வீழ்ந்தது. முப்பத்திரண்டு உயிர்கள் பறிபோயின. இதனை இயற்கையின் சீற்றமென்று கூறுவோர் உளர். இயற்கை அம்மலையைக் கட்டவில்லை. 2009இல் புளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்ட பின்னர், தலைநகரின் கழிவு நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொன்களாக இங்கு வந்து குவிந்தது. அடியிலோ சதுப்புநிலம்; மேலேயோ மழைநீரை உறிஞ்சிக் கனத்த குவியல். அயலில் வாழ்ந்த மக்கள் பல ஆண்டுகளாக வீதிக்கு இறங்கி எச்சரித்தனர். அவர்களது குரல் செவிமடுக்கப்படவில்லை; ஏனெனில் அவர்கள் ஏழைகள்.

இத்தகைய அவலங்கள் நிகழும்போது இரு விடைகளைக் கேட்கிறோம். “நமது சனங்களுக்கு ஒழுக்கமில்லை” என்பது ஒன்று. வீட்டிற்குள் இடம் உள்ளவன் குப்பையைப் பிரித்து வைக்கலாம். ஒற்றை அறையில் அறுவர் வாழும் தோட்டத்துக் குடும்பம் எங்கே பிரித்து வைக்கும்? பிரித்துக் கொடுத்தாலும், ஒரே லொறியில் அனைத்தையும் கலந்து ஏற்றினால் அவ்வொழுக்கத்தின் பயன் யாது? “இலாப நோக்கே இதற்குக் காரணம், சமுதாயம் மாறும்வரை செய்வதற்கொன்றுமில்லை” என்பது மற்றொன்று. இது நம்மவர்களே கூறும் விடை. இதன் முற்பகுதி உண்மை. பிற்பகுதியோ உண்மையின் போர்வையில் ஒளிந்திருக்கும் சோம்பல். முதல் விடை அரசை விடுவிக்கிறது. இரண்டாவது விடை நம்மை விடுவிக்கிறது. மீதொட்டமுல்லை மக்களை இரண்டுமே விடுவிக்கவில்லை.

இரு விடைகளுக்கும் அடியில் ஒரு பொது நம்பிக்கை கிடக்கிறது. ‘வெளி’ என்றோர் இடம் உண்டு, அங்கே எறிந்தால் பொருள் இல்லாதொழியும் என்பதே அது. இல்லாத அவ்விடத்தை உண்டாக்குவதற்கு, மனிதரிற் சிலரை வெளியாராக்க வேண்டியிருந்தது. நமது நகரங்களைத் துப்புரவு செய்யவெனப் பிரித்தானியர் ஆட்சியில் தென்னிந்தியாவிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களிற் பலர் இன்றும் அத்தொழிலிலேயே நிறுத்தப்பட்டுள்ளனர். கையால் குப்பை அள்ளுபவனைத் தீண்டத் தயங்கும் சமூகம், அக்குப்பையைத் தானே உண்டாக்கியதை மறந்துவிடுவது எத்துணை வசதியான மறதி!

வெளியாராக்கப்படுவது மனிதர் மட்டுமன்று, ஊர்களும்தான். கொழும்பின் கழிவைப் புகையிரதத்தில் ஏற்றிப் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டிற்கு அனுப்பத் திட்டமிட்டனர். சீமெந்துத் தொழிற்சாலையின் தூசியையும் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் ஏற்கெனவே சுமந்து நின்ற புத்தளத்து மக்கள் 2018இல் கிளர்ந்தெழுந்தனர். “எங்கள் ஊரிற் போடாதே” என்பதைத் தன்னலமென்று கொழும்பார் கூறலாமோ? தன் குப்பையைத் தன் எல்லைக்குள் வைத்திருக்க மறுத்தவர்கள் கொழும்பாரே அல்லவா?

செய்யத்தக்கது மந்திரமன்று. நமது நகரக் கழிவிற் பாதிக்கு மேற்பட்டது சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வரும் உக்கும் பொருளே. காற்றுப்புகாது புதைந்தால் அது எரிவாயுவையும் நச்சுநீரையும் தரும். காற்றுப்பட உக்கினால் பசளையாகும். பலாங்கொடை போன்ற சிறு நகரங்கள் பசளை செய்து காட்டியுள்ளன. ஆகவே, பிரித்தலைச் சட்டமாக்கும் அரசு, பிரித்தவற்றை வெவ்வேறாக ஏற்றும் வண்டிகளையும் தரவேண்டும். 2017 செப்ரெம்பரில் மெல்லிய பொலித்தீனும் றெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. பெட்டிக்கடைக்காரனைத் தண்டிப்பதோடு தடை நின்றுவிடலாகாது. பொருளைச் செய்து இலாபம் ஈட்டும் நிறுவனமே வெற்றுறையை மீளப்பெறும் செலவையும் ஏற்கவேண்டும். நகரசுத்தித் தொழிலாளிக்குக் கையுறையும் நிரந்தர நியமனமும் நியாயமான ஊதியமும் உரிமையாக வேண்டும்.

மக்களின் பங்கு வாளியை வாயிலில் வைப்பதோடு முடிந்துவிடாது. குப்பை எங்கே செல்கிறது, யார் அதனை அள்ளுகின்றனர், எவர் வீட்டருகே அது குவிகிறது என வட்டாரந்தோறும் கேட்கும் குழுக்கள் வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தொடங்கலாம். பாடசாலைக் குப்பை செல்லும் வழியை ஒருநாள் பின்தொடர்ந்து பார்ப்பது நல்லதொரு குடிமைப் பாடமாகும்.

சட்டம் குப்பையைச் சபையின் சொத்தென்கிறது. சபையோ நமது வாக்கினால் அமைவது. எனவே சுற்றிச் சுற்றி அச்சொத்து நம்மிடமே வந்து சேருகிறது. இலாபத்தைத் தனியாருக்கும் கழிவை ஏழைகளுக்கும் பங்கிடும் ஒழுங்கை எதிர்ப்பவர்கள், தம் கையிலுள்ள குப்பையைப் பற்றியும் வாய்திறக்கக் கடமைப்பட்டவர்கள்.