வளைந்து கொடுப்பவர் யார்?

புயலில் நெடுமரம் சாய்கிறது. நாணல் வளைந்து பிழைக்கிறது. வளைந்து கொடுத்தலை முன்னோர் ஒரு நற்பண்பாகப் போற்றினர். வணிக உலகமும் இன்று அப்பண்பையே நாடுகிறது. ஆலையிலிருந்து அங்காடி வரை பண்டங்கள் கைமாறிச் செல்லும் வழங்கல் சங்கிலி, இடர் நேர்ந்தால் அறுந்துபோகாமல் வளைய வேண்டும் என்பது அதன் வேட்கை. தானியங்கிப் பொறிகளும் தரவுகளும் அதற்குத் துணைநிற்கின்றன. சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லா ஊர்திகள் கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன. எங்கோ ஓர் அங்காடியில் சட்டை ஒன்று விற்றால், அச்செய்தி நொடியில் தலைமை அலுவலகத்தை எட்டுகிறது.

இதனால் விளையும் நன்மை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும், வளையும் சுமையை ஏற்பவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

1997 பிப்ரவரி 1ஆம் நாள், ஜப்பானில் டொயோட்டா கார்களுக்குப் பிரேக் வால்வுகள் செய்துவந்த ஐசின் ஆலை தீக்கிரையாயிற்று. கையிருப்போ மிகச் சிறிது. கார் உற்பத்தி நின்றது. பல பட்டறைகள் வரைபடங்களைப் பெற்று, தத்தம் பொறிகளில் அவ்வால்வைச் செய்து கொடுத்தன. சில நாள்களில் உற்பத்தி மீண்டது. பின்னர், துணைநின்ற வழங்குநர்களுக்கு டொயோட்டா நன்றித்தொகை வழங்கியது. அங்கே சிறியோரும் வளைந்தனர், பெரியோரும் வளைந்தனர். 2011 நிலநடுக்கத்திற்குப் பின், எந்த உறுப்பு எந்த ஆலையில் உருவாகிறது என்ற விவரங்களையும் அந்நிறுவனம் திரட்டி வைத்தது.

2020ஆம் ஆண்டு நிகழ்ந்ததோ வேறு. கொரோனாத் தொற்றால் மேலைநாட்டு அங்காடிகள் மூடப்பட்டன. ஆடை வாங்கும் நிறுவனங்கள் பல, வங்காளதேச ஆலைகளுக்குக் கொடுத்திருந்த ஆணைகளை விரைந்து நீக்கின. தைத்து முடித்த ஆடைகளையும் ஏற்க மறுத்தோர் உண்டு. நீக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் போன ஆணைகளின் மதிப்பு 300 கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் கணக்கிட்டது. தையல் பொறியின்முன் அமர்ந்திருந்த பெண்கள் பலர் வேலையிழந்தனர். சங்கிலி அறவில்லை, அதன் கடைசிக் கண்ணி நசுங்கியது.

குற்றம் கணிப்பொறியுடையதன்று. சரக்கு எத்தனை என்று கேட்டால் அது விடை தரும்; தைத்தவளுக்குக் கூலி கிடைத்ததா என்று அதனிடம் கேட்பார் இல்லை. கேளாத வினாவுக்குப் பொறி விடை சொல்வதில்லை.

தன் இழப்பைக் குறைப்பது வணிகனின் கடமையன்றோ எனச் சிலர் வாதிடுவர். குறைப்பது கடமையே, ஆனால் வாக்களித்து வாங்கிய உழைப்பின் இழப்பைப் பிறர் தலையில் சுமத்துவது குறைப்பதாகாது, இடம் மாற்றுவதாகும். தான் வளைவது பண்பு. பிறனை வளைத்துத் தான் நிமிர்வது வன்மை.

கணக்கும் கணிப்பொறியும் பயிலும் மாணவன், எவ்வளவு விரைவு என்று கேட்பதோடு, சுமை எவர் தோளில் என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். நாணல் புயலின்முன் தன் தண்டையே வளைக்கிறது. அடுத்த நாணலின் தண்டை அன்று.