சம்பளம் யாருடைய அந்தரங்கம்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், காட்ஸ்டன் நகரத்து குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தவர் லில்லி லெட்பெட்டர். ஓய்வுபெறும் வயது நெருங்கியபோது, யாரோ பெயர் போடாத ஒரு சீட்டை அவர் கண்ணில் படும்படி வைத்தார்கள். அதே பொறுப்பில் இருந்த ஆண்களின் சம்பளம் அதில் எழுதியிருந்தது. 1997 முடிவில் அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் ஆகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர். வழக்குத் தொடுத்தார். சம்பளத்தை நிர்ணயித்த 180 நாளுக்குள் முறையிட்டிருக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனக்கு அநீதி நடந்ததே தெரியாதவர் அந்த 180 நாளில் யாரிடம் போய் முறையிட்டிருக்க முடியும்? 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது. பாகுபாடான ஒவ்வொரு சம்பளப் பட்டுவாடாவும் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும் என்றானது. அவருக்குச் சேரவேண்டிய பணம் மட்டும் சேரவில்லை.

சம்பளம் அவரவர் அந்தரங்கம், அதை வெளியிடச் சொல்வது அத்துமீறல் என்கிறார்கள் சிலர். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. தன் வருமானம் உறவுக்கும் ஊருக்கும் தெரியக் கூடாது என்று நினைக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் பணியிடத்தில் எல்லோருடைய சம்பளமும் ஒரு தரப்புக்கு முழுமையாகத் தெரியும். பேரம் பேச எதிரே உட்காரும் தொழிலாளிக்குத்தான் ஒன்றும் தெரியாது. அந்தரங்கம் என்ற பெயரில் இங்கே காக்கப்படுவது பெரும்பாலும் முதலாளியின் வசதி.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றி, உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7-க்குள் சட்டமாக்கக் கெடு விதித்த சம்பள வெளிப்படைத்தன்மை நெறிமுறை தனிநபர் பெயரைக் கேட்கவில்லை. ஒத்த மதிப்புள்ள வேலைக்கு ஆண்களும் பெண்களும் பெறும் சராசரியைத் தொழிலாளி கேட்டறியலாம். ஆள் எடுக்கும்போதே சம்பள வரம்பைச் சொல்லிவிட வேண்டும். முந்தைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்பதுதான் இதில் ஆழமான விதி: ஓரிடத்தில் குறைத்துக் கொடுக்கப்பட்டவர் போகுமிடமெல்லாம் அந்தக் குறையைச் சுமக்க வேண்டியதில்லை.

வெளிப்படைத்தன்மைக்கு விலையும் உண்டு. டென்மார்க்கில் ஆண், பெண் வாரியாகச் சம்பள விவரம் தரச் சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இருவருக்கும் இடையிலான சம்பள இடைவெளி குறைந்தது. பெண்களின் சம்பளம் ஏறியதைவிட ஆண்களின் உயர்வு மெதுவானதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், சகாக்களைவிடக் குறைவாக வாங்குவதை அறிந்தவர்களின் மனநிறைவு குறைந்தது. கூடுதலாக வாங்கியவர்களுக்கு மகிழ்ச்சி கூடவுமில்லை. அந்த வருத்தம் எல்லாமே அநீதியால் வந்ததல்ல. அனுபவமும் திறமையும் வேறுபடும்போது சம்பளமும் வேறுபடலாம். அதனால் எண்ணைச் சொன்னால் போதாது, காரணத்தையும் சொல்ல வேண்டும். 5 சதவீதமோ அதற்கு மேலோ இடைவெளி இருந்து, தக்க காரணம் காட்டாமலும் ஆறு மாதத்துக்குள் சரிசெய்யாமலும் விட்டால், தொழிலாளர் பிரதிநிதிகளுடன் சேர்ந்து நிறுவனம் மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது ஐரோப்பிய நெறிமுறை.

நான்கைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் சராசரியைச் சொல்வது ஒருவரின் சம்பளத்தையே சொல்வதாகிவிடும். அங்கே தகவலைத் தொழிலாளர் பிரதிநிதியிடமோ தொழில் ஆய்வாளரிடமோ மட்டும் கொடுத்து, வழக்குப் போட இடமுண்டா என்று அவர்கள் வழியாக அறிய உறுப்பு நாடுகள் வழி செய்யலாம் என்கிறது நெறிமுறை. தட்டிக் கேட்கத் துணை இல்லாத சிறிய கடைகளிலும் பட்டறைகளிலும் அந்த வழியை உண்மையில் திறந்துவைப்பதே இனி அரசுகளின் கடமை.