பசிக்காத மீன்

ஒரு மீன் எதற்காகத் தூண்டிலைக் கவ்வுகிறது?

'இதென்ன சார் கேள்வி... பசிக்குது, கவ்வுது!' என்பீர்கள். முக்கால்வாசி நேரம் அதுதான் உண்மை. மிச்சம் இருக்கிற கால்வாசியில்தான் நமக்கு இன்றைக்கு வேலை.

அதற்கு முன் கொஞ்சம் தண்ணீருக்குள் போய்விட்டு வந்துவிடுவோம். அமெரிக்காவின் வட எல்லையில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். கார் நம்பர் பிளேட்டிலேயே 'பத்தாயிரம் ஏரிகள்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்கிற இடம். பக்கத்தில் விஸ்கான்சின். எல்லையைத் தாண்டினால் கனடாவின் ஒன்டாரியோ. இந்த வட்டாரத்தில் தூண்டில் போடுவதை ஏறக்குறைய ஒரு மதம் மாதிரி கும்பிடுகிறார்கள். மும்மூர்த்திகள்: பாஸ், வால்ஐ, பைக். (பைக் என்றதும் கிக்கரைத் தேடாதீர்கள்! ஈட்டி மாதிரி நீண்ட உடம்பும் வாய் நிறையப் பல்லும் உள்ள மீன் அது. வால்ஐ என்பது கண்ணில் வெளிச்சம் பட்டால் பூனைக் கண் மாதிரி மின்னுகிற மீன்.)

இந்த மூன்றையும் பிடிப்பவர்கள் கையில் ஒரு காலண்டர் இருக்கிறது. அதை எழுதுவது தெர்மாமீட்டர்.

குளிர்காலத்தில் ஏரி மேலே கல்லாக உறைந்துவிடும். ஆனால், அடியில் உறையாது. 4 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீருக்கு எடை அதிகம். அதனால் அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிட, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. கீழே மீன்கள் பிழைத்துக் கிடக்கின்றன. பாஸ் ஏறக்குறைய சும்மா படுத்திருக்கும். பைக் அந்தக் குளிரிலும் வேட்டையாடும். மனிதர்கள் பனியில் துளை போட்டு, மேலே ஒரு குடிசை வைத்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூண்டிலை இறக்குவார்கள்.

பனி உருகினால் இனப்பெருக்க சீஸன். முதலில் பைக், கரையோரம் தண்ணீர் ஏறிய புல்வெளிகளுக்கு வந்து முட்டையிடும். அடுத்து வால்ஐ, ராத்திரியில் கூழாங்கல் படுகைகளுக்கு வரும். கடைசியாக, தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டுகிற சமயத்தில் பாஸ். கோடையில் மேல் தண்ணீர் சூடாகிவிட, வெளிச்சம் பிடிக்காத வால்ஐ பகலில் ஆழத்துக்குப் போய்விடும். பெரிய பைக்கும் குளிர்ந்த இடம் தேடி இறங்கிவிடும். பாஸ் பாசிக்கும் அல்லி இலைக்கும் அடியில் ஒதுங்கி, விடிகாலையிலும் அந்தியிலும் இரை தேடும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் மறுபடி குளிரும். பெரும் பசி தொடங்கும். குளிர்காலத்துக்கு முன் உடம்பில் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டுமே!

ஆக, எந்த மாதம் எந்த மீன் எங்கே இருக்கும், எப்போது பசியில் இருக்கும், எப்போது கரைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வரும் - எல்லாம் மனிதனுக்குத் தெரியும். இப்போது நேரலை ஸோனார் வேறு வந்துவிட்டது. தண்ணீருக்குள் மீன் நகர்வதை படகில் இருந்தபடியே டி.வி. மாதிரி பார்க்கலாம். சில போட்டிகளில் 'இது கொஞ்சம் ஓவர்' என்று அதற்குக் கட்டுப்பாடு போட ஆரம்பித்திருக்கிறார்கள்.

மீனுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. நமக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும். இந்த இடத்தில்தான் கேள்வி முளைக்கிறது. ஒருவரின் பலவீனமான நேரம் தெரிந்துவிட்டால், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் கூடவே வந்துவிடுகிறதா?

சட்டம் ஓரளவுக்கு பதில் சொல்கிறது. மின்னசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ, பைக் இரண்டுக்கும் இனப்பெருக்க நேரத்தில் தடை. மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமைதான் கதவு திறக்கும். அன்றைக்கு மாநிலமே படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். காமர்ஸ் படித்தவனுக்கு இது எளிதில் புரிகிறது. வட்டியைச் செலவு பண்ணு, அசலில் கை வைக்காதே. அவ்வளவுதான்.

ஆனால், பாஸ் விஷயத்தில் இந்தக் கணக்கு போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பைக்கும் வால்ஐயும் முட்டையிட்டதும் 'உன் பாடு, ஆண்டவன் பாடு' என்று போய்விடுகிற ஜாதி. பாஸ் அப்படியில்லை. ஆண் பாஸ் வாலால் அடித்து அடித்து மணலையும் சகதியையும் விலக்கி, வட்டமாக ஒரு கூடு கட்டும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன்பிறகு எல்லாம் அப்பா பொறுப்பு! முட்டைகளின் மேல் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிந்த பிறகும் குஞ்சுகள் கூட்டமாக நீந்தித் திரியும்வரை காவல் நிற்கும். இப்படிச் சில வாரங்கள். அந்த நாட்களில் அது சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. சுற்றிலும் ப்ளூகில் போன்ற சின்ன மீன்கள் முட்டையைத் தின்னக் காத்துக்கொண்டிருக்கும். அப்பா நகர்ந்தால் போச்சு.

இந்த நேரத்தில் ஒருவர் படகில் வருகிறார். கண்கூச்சம் தடுக்கிற கண்ணாடி போட்டிருக்கிறார். தெளிந்த தண்ணீருக்குள் அந்த வட்டக் கூடு நன்றாகத் தெரிகிறது. ரப்பர் புழுவைக் கொண்டுபோய் கூட்டின் நடுவில் இறக்குகிறார். பாஸ் பாய்ந்து கவ்வுகிறது. பசியால் இல்லை. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் எதுவோ வந்துவிட்டது. அதை அப்புறப்படுத்த அதற்கு இருப்பது வாய் ஒன்றுதான். கை இல்லையே!

நான் சொன்ன கால்வாசி இதுதான்.

'பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறோமே, அப்புறம் என்ன?' என்பார்கள். ஒன்டாரியோ ஏரிகளில் டேவிட் ஃபிலிப் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் இதைப் பார்த்தார்கள். 1997-ல் ஆய்வு வெளியானது. பிடித்து விடப்பட்ட அப்பாக்களில் கூட்டைக் கைவிட்டவை அதிகம். அப்பா இல்லாத நேரத்தில் முட்டைகள் சூறையாடப்படுவதும் நடந்தது. 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சங்கடமானது. தூண்டிலில் சுலபமாக மாட்டுகிற பாஸ்கள் எவை தெரியுமா? பிள்ளைகளை அதிக அக்கறையோடு காவல் காக்கிறவை. நல்ல அப்பாக்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். அலட்சியமான அப்பா தப்பித்துவிடுகிறார்!

எதிர்த்தரப்பையும் கேட்டுவிடுவோம். டெக்ஸாஸ், ஃப்ளோரிடா போன்ற தென் மாநிலங்களில் பாஸுக்குத் தடைக்காலமே இல்லை. 'ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டை. எல்லாம் பிழைத்தால் ஏரி தாங்காது. சில கூடுகள் போனால் என்ன? ஏரியில் பாஸ் குறைந்தா போய்விட்டது?' என்கிறார்கள். பல ஏரிகளில் இந்தக் கணக்கு சரியாகவும் இருக்கலாம். ஆனால், நான் கேட்பது கணக்கு இல்லை. ஊரில் ஜனத்தொகை குறையாது என்பதற்காக ஒருவர் வீட்டு விளக்கை ஊதி அணைக்கலாமா?

'அதெல்லாம் பாசம் இல்லை சார், ஹார்மோன்' என்று சில புத்திசாலிகள் சொல்லக்கூடும். வாஸ்தவம். ராத்திரி 3 மணிக்குக் குழந்தை அழுதால் துள்ளி எழுகிற தாய்க்குள் ஓடுவதும் ஹார்மோன்தான். அதனால் அதைப் பாசம் என்று சொல்லாமல் விட்டுவிடுகிறோமா?

சரி, 'இனப்பெருக்க நேரத்தில் கை வைப்பவன் பாவி' என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். என்னை மடக்குகிற கதை ஒன்று விஸ்கான்சினில் இருக்கிறது.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் ஒஜிப்வே மக்கள். வசந்த காலத்து ராத்திரிகளில், வால்ஐ முட்டையிடக் கரைக்கு வரும்போது, பந்தம் கொளுத்திக்கொண்டு படகில் போய் ஈட்டியால் குத்திப் பிடிப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் ஊருக்கே 'பந்தங்களின் ஏரி' என்று அர்த்தம் வரும்படி லாக் டு ஃப்ளாம்போ என்று பெயர் வைத்தார்கள். 1837-லும் 1842-லும் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தபோது, மீன் பிடிக்கும் உரிமையை ஒஜிப்வேக்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மாநில அரசு அதை மறந்துபோனது. 1974-ல் இரண்டு சகோதரர்கள் வேண்டுமென்றே எல்லையைத் தாண்டிப் போய் மீன் குத்தி, கைதாகி, வழக்கு நடந்து, 1983-ல் ஃபெடரல் அப்பீல் கோர்ட் 'உரிமை உண்டு' என்றது.

அவ்வளவுதான், தூண்டில்காரர்கள் கொதித்துவிட்டார்கள். 'முட்டையிட வந்த மீனைக் குத்துவதா, இது அதர்மம்!' என்று சொல்லி 80-களின் பிற்பகுதியில் ஒவ்வொரு வசந்தத்திலும் படகுத்துறைகளில் கூட்டம். கூச்சல், கல்வீச்சு. 'ஒரு வால்ஐயைக் காப்பாற்று, ஓர் இந்தியனைக் குத்து' என்று அட்டை பிடித்தவர்கள்கூட இருந்தார்கள். மீனுக்காக மனிதனைக் குத்தச் சொல்கிற கருணை!

உண்மையில் கரையில் நடந்தது என்ன? ஒவ்வொரு ஏரிக்கும் எவ்வளவு எடுத்தால் பாதிப்பில்லை என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, ஒவ்வொரு ராத்திரிக்கும் பர்மிட் கொடுத்து, பிடித்த மீன்களைத் துறையிலேயே எண்ணினார்கள். எண்ணிக்கை முடிந்தால் அந்த ஏரியில் ஈட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். மாட்டியவற்றில் பெரும்பாலானவை ஆண் மீன்கள். வால்ஐ முட்டைக்குக் காவல் நிற்கிற மீன் இல்லை என்பதால் அனாதையான கூடும் இல்லை. 1991-ல் அரசும் பழங்குடிகளும் சேர்ந்து செய்த ஆய்வு, ஈட்டியால் வால்ஐ வளம் கெடவில்லை என்று சொன்னது. குத்திய மீன் வீட்டுக்குப் போனது, சமையலானது.

தூண்டில்காரர் பக்கம் திரும்பிப் பாருங்கள். அவர் சீஸனை மீறவில்லை. லைசென்ஸ் இருக்கிறது. ஒருநாளில் இருபது முப்பது மீன்களின் வாயில் கொக்கியை மாட்டி, இழுத்து, போட்டோ எடுத்து, திரும்ப விடுகிறார். ஒன்றையும் தின்னவில்லை. 2003-ல் பிரிட்டனில் ரெயின்போ ட்ரவுட் மீன்களை ஆராய்ந்து, தலையிலும் முகத்திலும் வலியூட்டும் தூண்டுதலை உணர்கிற நரம்புகள் இருப்பதைக் காட்டிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் 2008-ல் வந்த விதி, திரும்ப விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதையே தடை செய்கிறது. தின்பதற்குப் பிடி, இல்லாவிட்டால் மீனை நிம்மதியாக விடு என்பது அவர்கள் கட்சி.

இருவரில் யார் அறம் தவறியவர்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

காலண்டர் மட்டும் அறத்தைத் தீர்மானித்துவிட முடியாது. ஈட்டியா, தூண்டிலா என்பதும் தீர்மானிக்காது. மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். எனக்கு இது தேவையா? எங்கே நிறுத்துவேன் என்று முதலிலேயே முடிவு செய்திருக்கிறேனா? எதிராளியின் எதைப் பிடித்து இழுக்கிறேன்... பசியையா, பாசத்தையா? ஈட்டிக்காரர் மூன்றிலும் பாஸ். (மறுபடி மீன் இல்லை, மார்க்!) கூட்டின் மேல் ரப்பர் புழுவை இறக்குபவர், சட்டம் கையைத் தட்டாத ஊரில்கூட, மூன்றாவதில் நிச்சயம் ஃபெயில்.

பசியைத் தூண்டிலாக்குவதில் குறைந்தபட்சம் ஒரு சமன் இருக்கிறது. மீனும் எதையோ தின்னத்தான் வந்தது. பாசத்தைத் தூண்டிலாக்கும்போது, அந்த உயிரிடம் இருக்கும் உசத்தியான ஒன்றையே அதற்கு எதிரான ஆயுதமாக்குகிறோம். அதுவும், எந்த அளவுக்கு அது நல்ல அப்பாவோ அந்த அளவுக்குச் சுலபமாக!

இது ஏதோ அமெரிக்க ஏரி சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'உங்க பையனை போலீஸ் பிடிச்சு வெச்சிருக்கு, உடனே பணம் அனுப்புங்க' என்று போன் செய்கிற மோசடிக்காரன் யாரைக் குறிவைக்கிறான்? பேராசைக்காரனை இல்லை. பதறியடித்துக்கொண்டு பணம் அனுப்புகிற அப்பாவை, அம்மாவை. அவனைத் திருடன் என்று சொல்லிவிடலாம். 'இதைக் குடிக்காவிட்டால் உங்கள் குழந்தை வகுப்பில் பின்தங்கிவிடும்' என்று விளம்பரம் எழுதுகிறவரை? மகளின் கல்யாணத் தேதி தெரிந்துகொண்டு வட்டியை ஏற்றுகிறவரை? அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கிறார், எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார் என்று தெரிந்து ரேட் சொல்கிறவரை? இவர்களில் பலர் சட்டப்படி சுத்தம். கையில் ரசீதும் இருக்கிறது.

நாமும் அப்பப்போ அந்தப் படகில் ஏறுகிறவர்கள்தான். 'இந்த மாசம் அவரால வேலையை விட முடியாது, சம்பளம் ஏத்த வேணாம்' என்று நினைக்கிற ஒவ்வொரு முறையும் நம் கையில் தெர்மாமீட்டர் இருக்கிறது.

எனவே ஒரே ஒரு கேள்வியோடு விடுகிறேன். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. கீழே வட்டமாக ஒரு கூடு. அதன் மேல், சாப்பாட்டை மறந்து விசிறிக்கொண்டு நிற்கிறது ஒரு மீன். உங்கள் கையில் தூண்டில். சட்டம் தடுக்கவில்லை. கரையில் யாரும் இல்லை. இறக்கினால் கட்டாயம் கவ்வும்.

இறக்குவீர்களா?