கையில் இருந்ததே சாட்சி

மதுரை பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டல் என்றோர் இடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் நாயகன் கோவலனை வெட்டியது இங்கேதான் என்பது ஊர்வழக்கு. ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால் ஊழ்வினை என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

அந்தக் காப்பியத்தில் இளங்கோவடிகள் காட்டும் காட்சியோ முதலில் ஒரு புருஷன் பெண்டாட்டிச் சண்டை. பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் ஆடல் மகளிரிடம் மனம் பறிகொடுத்தான் என்று அரசி கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சாக்குச் சொல்லி அந்தப்புரம் போய்விட்டாள். சமாதானம் செய்ய விரைந்த அரசனை வழியில் மறித்துக் காலில் விழுகிறான் பொற்கொல்லன். தேவியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான்; மனைவி கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன் மேல் பழியைப் போடுகிறான். அரசனுக்கு நிற்க நேரமில்லை. சிலம்பு கோவலன் கையில் இருந்தால் கொன்று எடுத்து வாருங்கள் என்று காவலருக்கு ஆணையிட்டான்.

1604-இல் லண்டன் அரண்மனையில் அரங்கேறிய ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்திலும் இதே சாட்சிதான். ஒத்தெல்லோவின் மனைவியின் கைக்குட்டை, அவள் கள்ளக்காதலன் என்று அவன் சந்தேகித்த காசியோவின் கையில் இருந்தது; தீர்ப்புக்கு அது போதும். அதை அங்கே சேர்த்த இயாகோவை யாரும் சந்தேகிக்கவில்லை. (கோவலனும் லேசுப்பட்டவன் அல்ல. கானல்வரியில் காதலி மாதவி பாடியதைக் கேட்டு, அவள் மனத்தில் வேறொருவன் இருப்பதாக முடிவுகட்டி, ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனவன்.)

கொலைக்களத்தில் காவலர் தயங்குகிறார்கள். இது கள்வன் முகமல்ல என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வரின் தந்திரங்களை வரிசையாக விளக்குகிறான். பேச்சு நீள்கிறது. எழுத்தறியாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அரசன் ஆணை மட்டும் போதவில்லை, நாவன்மையும் தேவைப்பட்டது. ஊழ் மட்டுமே காரணமென்றால் இந்தப் பேச்சுக்கு வேலையே இல்லை.

மனைவியைக் கொன்றது தவறென்று தெரிந்த பிறகு, விதியை யாரால் அடக்க முடியும் என்று கேட்கிறான் ஒத்தெல்லோ. பாண்டியன் அப்படிக் கேட்கவில்லை. நீதி கேட்டு வந்த கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்து, அது தேவியுடையது அல்ல என்று தெரிந்ததும் தானே கள்வன் என்று சொல்லி உயிர்விட்டான். முற்பிறவிக் கதையை மதுராபதித் தெய்வம் சொல்வது அதற்குப் பிறகு, அதுவும் கண்ணகியிடம்: கோவலன் முன்பு பரதனாகப் பிறந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தானாம். ஊழின் கணக்கிலும் பொய்க்குற்றமே முதல். அந்த விளக்கம் இழந்தவளுக்கு ஆறுதலாகக் கிடைத்தது. குற்றவாளிக்குச் சாக்காகக் கிடைக்கவில்லை.

ஆனால் காப்பியம் அங்கே நிற்கவில்லை. கொற்கையிலிருந்த அடுத்த பாண்டிய மன்னன் வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். திருடியவன் ஒருவன். அந்த ஆயிரம் பேரின் முற்பிறவியைச் சொல்ல எந்தத் தெய்வமும் வரவில்லை.