குற்றத்தில் திரைக்குப் பங்கு உண்டா?

2015-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஒரு வழக்கு. இரண்டு பெண்களை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்ததாக இந்தியர் ஒருவர் மீது குற்றச்சாட்டு. இவர் இந்திப் படங்கள் பார்த்து வளர்ந்தவர், விடாமல் துரத்தினால் பெண் மனம் மாறுவாள் என்றுதான் அந்தப் படங்கள் காட்டுகின்றன என்று அவருடைய வழக்கறிஞர் வாதாடினார். குற்றம் சாட்டப்பட்டவர் சிறைக்குப் போகவில்லை. ஐந்தாண்டு நன்னடத்தை நிபந்தனையோடு வெளியே வந்தார்.

இந்த வாதத்தை ஏற்றால் குற்றவாளி தப்புகிறான். தள்ளினால் திரை தப்புகிறது. எது நியாயம்?

ஒரே படத்தை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள்; எல்லோரும் கத்தியைத் தூக்குவதில்லை. பெண்ணை அடக்கும் வழக்கமோ சினிமாவைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. படைப்பாளிகள் சொல்லும் இந்தச் சமாதானத்தில் உண்மை இருக்கிறது. செய்தவனே செய்ததற்குப் பொறுப்பு. ஆனால் ஒருவர் பொறுப்பேற்றுவிட்டால் மற்றவர் பொறுப்பு தீர்ந்துவிடாது. செய்தவனுக்குச் சாக்கும் துணிச்சலும் எங்கிருந்து வந்தன, சுற்றி நின்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்றும் கேட்டாக வேண்டும்.

நமக்குப் பழகிப்போன ஒரு காட்சி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணைக் கதாநாயகன் பின்தொடர்கிறான். அவள் நடையைக் கூட்டுகிறாள், தெரு மாறுகிறாள், செருப்பைக் கழற்றிக் காட்டுகிறாள். நண்பர்கள் கைதட்ட, பின்னணி இசை துள்ளுகிறது. அடுத்த பாட்டுக்குள் அவள் சிரித்துவிடுகிறாள். இசையை எடுத்துவிட்டு, கேமராவை அவள் முகத்தருகே வைத்துப் பாருங்கள். அதே காட்சி திகில் படமாகிவிடும். துரத்தலைக் காட்டுவது தவறல்ல. யார் பக்கம் நின்று காட்டுகிறோம் என்பதே கேள்வி. ஹாலிவுட் படங்களில் கேமரா ஆணின் கண்ணாகவே இயங்குகிறது, பெண் பார்க்கப்படும் பொருளாகிறாள் என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-ல் வெளியான தம் கட்டுரையில் எழுதினார். கோடம்பாக்கத்துக்கும் அது பொருந்தும்.

பார்க்கப்படும் பொருளாகிவிட்டால் அடுத்து விலை போடுவார்கள். நம் படங்களில் நாயகன் கறுப்பாக இருந்தால் அது மண்ணின் பெருமை. நாயகி மட்டும் சிவப்பாக இருந்தாக வேண்டும். பருமனான பெண் வந்தாலே அது சிரிப்புக் காட்சி. நிறம் கூடியதும் பெண்ணுக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைப்பதாகக் காட்டிய ஃபேர் அண்ட் லவ்லி விளம்பரம், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடிய பிறகே 2003-ல் நின்றது. 2020-ல் அந்த கிரீம் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது. கிரீம் கடையில் அப்படியே இருக்கிறது.

இந்த அழகு வியாபாரத்துக்கும் வன்முறைக்கும் என்ன தொடர்பு? 2012-ல் காரைக்காலில் ஒருவன், தன்னை மணக்க மறுத்த பொறியாளர் மீது ஆசிட் வீசினான். அந்தப் பெண் மறு ஆண்டு இறந்துபோனார். இப்படி வீசுகிறவர்கள் பெரும்பாலும் முகத்தைத்தான் குறிவைக்கிறார்கள். பெண்ணின் மதிப்பெல்லாம் முகத்தில் என்று நம்புகிறவனுக்குத்தான் முகத்தைச் சிதைத்தால் அவள் கதை முடிந்தது என்று தோன்றும். அவன் கையில் ஆசிட்டை விளம்பரக்காரர் கொடுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையை நாள் தவறாமல் விற்றவர் அவர். பின்தொடர்வதையும் ஆசிட் வீச்சையும் 2013-ல் சட்டம் தனிக் குற்றங்களாக்கியது. முதலாவதைத் திரை இன்னும் காதல் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

அப்படியானால் தணிக்கையை இறுக்கலாமா? தணிக்கை ஆடையின் நீளத்தை அளக்கிறது, துரத்தலைக் கண்டுகொள்வதில்லை. கத்தரிக்கு இன்னும் அதிகாரம் கொடுத்தால், தங்கள் உடலைப் பற்றிப் பெண்களே துணிந்து பேசும் படங்கள்தான் முதலில் வெட்டுப்படும். தடையால் ஆகக்கூடிய காரியமல்ல இது.

திரைக்குப் பங்கு உண்டு. குற்றவாளியின் தண்டனையில் ஒரு நாளைக்கூட அது குறைக்கக் கூடாது. எழுதுகிறவர், ஒரு பெண் வேண்டாம் என்றதும் விலகிப்போகும் நாயகனை எழுதட்டும். செய்தித்தாள், கொல்லப்பட்டவளின் அழகான படத்தைத் தேடி அலைவதை விடட்டும். பார்வையாளருக்கும் ஒரு கடமை உண்டு. விசில் விழும் காட்சியைத்தான் அடுத்த படத்திலும் எடுப்பார்கள். துரத்தல் காட்சிக்கு விசில் அடிக்காதீர்கள்.