தடித்த இரும்பும் சத்திநிபாதமும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கும் கிருகஸ்தர் ஒருவர், மேல்மாடிக்குத் தாமே இரும்புப் படி அமைக்க விரும்பி, 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடுகளையும் ஒரு வெல்டிங் மெஷினையும் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டு மின்சாரம் இதற்குப் போதுமா என்று கேட்பாராயின், அக்கேள்வி, அருட்சக்தி பூரணமாக இருக்க ஆன்மாவின் பக்குவம் எதற்கு என்று சைவ சித்தாந்திகள் நெடுங்காலம் நிகழ்த்திய விசாரத்துக்கு மிக அணித்தானது என்பது என் துணிபு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது 230 வோல்ற்று, சிங்கிள் பேஸ், 30 அம்பியர். 3.15 மில்லிமீற்றர் வெல்டிங் கூருக்கு ஏறக்குறைய 90 முதல் 130 அம்பியர் வேண்டும்; சுடரில் நிற்பது 25 வோல்ற்று அளவே ஆதலால், நல்ல இன்வேட்டர் மெஷின் வீட்டு இணைப்பிலிருந்து இழுப்பது 20, 25 அம்பியரில் அடங்கும். 4 மில்லிமீற்றர் கூரை 170 அம்பியரில் எரிக்க முயன்றால் இணைப்பு தாங்காது.

ஆனால் சாரம் இக்கணக்கில் இல்லை. உருக்கு 1500 பாகை செல்சியஸ் அளவில் உருகுவது. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எழும் சுடரோ 5000 பாகையையும் கடந்தது. அத்தகைய அக்கினி முன்னே நிற்கவும் தடித்த தகடு உருகாதது ஏனெனில், பெற்ற வெப்பம் முழுவதையும் தன் கனத்துக்குள் அது இழுத்துப் பரப்பிவிடுகிறது. மேலே வழிந்த உலோகம் அழகிய வரியாக உறைந்து, இணைந்துவிட்டது போலத் தோன்ற, அடியில் இரு தகடுகளும் ஒன்றையொன்று அறியாமலே கிடக்கின்றன. இந்தப் போலி இணைப்பு, இணையாமையினும் கொடியது. படியில் ஏறுகின்றவர் அதை நம்பியே கால் வைக்கிறார்.

இதுபோலவே, கொட்டாஞ்சேனையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் சந்நிதியில் அருகருகே நிற்கும் இருவரில், ஒருவர் கரைய மற்றவர் வந்தபடியே திரும்புவாராயின், அருளில் பட்சபாதம் கற்பிக்கச் சித்தாந்தம் உடன்படாது. நல்வினை தீவினை இரண்டையும் சமமாக நோக்கும் இருவினையொப்பும், மலம் கழலும் பக்குவமாகிய மலபரிபாகமும் வாய்த்தவிடத்தே, அருட்சக்தி ஆன்மாவில் பதிதலாகிய சத்திநிபாதம் நிகழும் என்றும், அது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைப்படும் என்றும் அது வகுக்கிறது. ஆன்மாவை மறைக்கும் ஆணவ மலம் வெறும் அறியாமையன்று, ஒரு திரவியம். ஆகவே அறிவு மாத்திரத்தால் அது நீங்காது, கிரியையும் வேண்டும் என்ற கொள்கையை, தடித்த இரும்பைக் கையாண்டவர் எளிதில் ஒப்புவர். அவர் விளிம்புகளை 30 பாகை சரித்துத் தேய்க்கிறார். இடையே இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெளி விடுகிறார். சிறிய கூரினாலேயே அடியிலிருந்து அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கின் கசடையும் தட்டி உதிர்த்த பின்னரே அடுத்ததைத் தொடங்குகிறார். வீட்டிலுள்ள அளவான மின்சாரமே அப்பொழுது போதுமானதாகிவிடுகிறது.

அயலாரையும் எண்ண வேண்டும். ஒழுங்கை முழுவதும் ஒரே மின்மாற்றியில் தொங்கும்போது, பழைய மெஷின் சுடர் பிடிக்குந்தோறும் பக்கத்து வீட்டு விளக்குகள் மங்கும். நம் அவசரத்துக்குப் பிறர் வெளிச்சத்தைக் கடன் வாங்க நமக்கு அதிகாரமில்லை.

தகடு 12 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட கனமாயின், 400 வோல்ற்று த்ரீ பேஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதே தர்மம். 1950இல் இலக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது முதல் மலைநாட்டு நீரிலிருந்து கொழும்புக்கு வரும் அதே சக்திதான் அங்கேயும் பாய்கிறது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலமும் உடைய ஆன்மாக்களாகிய சகலருக்கு இறைவன் மானுட குருவாக வந்து அருளுகிறான் என்பர். அதுபோலப் பட்டறைக்காரரைத் தேடிப் போவதில் கிருகஸ்தருக்கு யாதொரு குறைவும் இல்லை. வர்ணம் பூசுமுன், அடிப்பக்கமும் உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பட்டறைக்காரரிடம் புரட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.