சாமான் இல்லையென்றால் கையைக் கட்டுவாயா?

போச்சம்பள்ளியில் மெக்கானிக் வேலை பழகும் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். "அண்ணே, இதுக்கு ஜெட் வர்றதில்லையாம்" என்று சொல்லி, ஓசூரில் 1980-இல் அறிமுகமான டி.வி.எஸ். 50-ஐ ஓரங்கட்டுகிறாயே, அதற்குள் தோற்றுவிட்டாயா?

யாழ்ப்பாணத்தைப் பார். 1990-இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, அங்கே பெட்ரோலுக்கே பஞ்சம். ஜெட் இல்லாததற்கு நீ கலங்குகிறாய். அவர்களுக்கு எரிபொருளே இல்லை! மோட்டார் சைக்கிளையும் பழைய மோரிஸ் மைனர், ஆஸ்டின் கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் சில துளி பெட்ரோலைக் கார்பரேட்டருக்குள் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். புகை கக்கியது, பிளக் கரி பிடித்தது. துடைத்து மாட்டி மறுபடி ஓட்டினார்கள். கார்பரேட்டருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்த கைகள் அவை.

உன் கைக்கும் அது புரியும்! ஜெட் என்பது துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டு. துளை பெருத்தால் பெட்ரோல் கூடிப் பிளக் கருக்கும். சிறுத்தால் பிளக் வெளுக்கும், எஞ்சின் கொதித்து சீஸ் ஆகும். முதலில் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டிப் பார். நீடில் உயரும், பெட்ரோல் கூடும். போதவில்லையா? துளையை ஈயம் வைத்து அடை. நுண்ணிய டிரில் பிட்டைக் கையால் திருகிப் புதுத் துளை போடு. கண்ணை மூடிக்கொண்டு மட்டும் குடையாதே. 1 மில்லிமீட்டர் துளையை 1.1 ஆக்கினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவனுக்குத்தான் துணிச்சல் பொருந்தும்.

உன் ஊர் சிப்காட்டிலேயே கார்பரேட்டர் இல்லாத மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் புதிய பெட்ரோல் வண்டிகளிலிருந்தும் கார்பரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. "இனி இந்த வித்தை எதற்கு?" என்பவனை நம்பாதே! கடையில் ஜெட் அருகும் காலம் இது. பழைய மொபெட்டில் தேங்காய் மூட்டை கட்டிச் சந்தைக்கு வரும் விவசாயி உன்னைத் தேடி வரப்போகும் காலமும் இதுதான்.

நாளைக்கே கழித்துப்போட்ட ஜெட் ஒன்றை எடு. எண்ணைப் படி, துளையை அள, அடை, மறுபடி துளையிடு, மாட்டி ஓட்டு. பிளக்கைக் கழற்றி நிறம் பார். வெளிர் பழுப்பு வரும்வரை விடாதே, தம்பி!